மாத்திரை மட்டும் போதுமா?

படிப்பு உயர்ந்தால் சுத்தமும் உயரும் என்று எண்ணுகிறோம். ஆனால், குடற்புழு பட்டம் பார்த்து வருவதில்லை!

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அது வயிற்றிலுள்ள புழுக்களைக் கொல்லும். மறுநாள் நகக்கண் வழியே உள்ளே செல்லும் முட்டைகளைத் தடுக்காது. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, குடலில் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையைத் தரும்.

இங்கே நம் நகங்களைப் பார்க்க சிஸ்டர் இருக்கிறார்கள். நாளை அம்பத்தூரிலோ ஆவடியிலோ கல்லூரி மாணவிகளாக, ரயில் நிலைய வாசலில் மாங்காய்க் கீற்று வாங்கும்போது யார் பார்ப்பார்கள்?

பெரியோர்களே, குழாயடியில் தண்ணீரோடு சோப்பும் வையுங்கள். தோழியரே, யாரும் பார்க்காதபோதும் கை கழுவும் பெண்களாக இப்பள்ளியை விட்டுச் செல்வோமாக!