கரையை எழுதி வைப்போம்

கற்பிட்டியில் எந்தத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு சற்று நேரத்தில் காணி விலைக்கு வந்துவிடுகிறது. கண்டக்குழியில் யார் விற்றார், ஆலங்குடாவில் யார் வாங்கினார், கப்பலடியில் வேலி எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் பேசி முடிந்த பிறகுதான் கடல் எப்படி, மீன் எப்படி என்ற விசாரிப்பு. ஒரு மீன்பிடி ஊரின் பேச்சு இப்படி மாறிப்போனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

இதன் தொடக்கம் பழையது. 2000களின் முற்பகுதியிலேயே அரசாங்கம் கற்பிட்டியைச் சுற்றுலா வலயமாகக் குறித்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் உருவான சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அதை ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டமாகக் கையில் எடுத்தது. 14 தீவுகள், ஏறக்குறைய 4,000 ஏக்கர், 17 ஹோட்டல்கள், 10,000 படுக்கைகள், கோல்ஃப் திடல், உள்நாட்டு விமான நிலையம், கடலுக்கடியில் கேளிக்கைப் பூங்கா என்று திட்டம் விரிந்தது. 2009இல் போர் முடிந்ததும் அதற்கு வேகம் கூடியது. உச்சமுனையும் இப்பந்தீவும் பத்தலங்குண்டும் எருமைத்தீவும் முதலீட்டாளருக்குக் காட்டப்படும் பட்டியலில் ஏறின. அந்தத் தீவுகளில் குடும்பங்கள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன, பருவத்துக்குப் பருவம் சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்து வாடி என்ற குடில் போடும் மீனவர்கள் இருக்கிறார்கள். 2010இல் தேசிய மீனவ ஒத்துழைப்பு இயக்கமும் அதன் தோழமை அமைப்புகளும் உண்மையறியும் குழு ஒன்றை இங்கே கொண்டுவந்தபோது, மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

பெரிய திட்டத்தின் பெரும்பகுதி இன்றுவரை எழவில்லை. எழுந்தவை சிறிய விடுதிகள், கைட் சேர்ஃபிங் முகாம்கள், டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள். இவற்றால் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் உழைக்கிறார்கள். வலைக்குப் போன படகிலேயே பயணிகளை ஏற்றிக் குடும்பம் பார்ப்பவரை நாம் மதிக்கிறோம். சுற்றுலாவே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு இல்லை. ஆனால் ஹோட்டல் வராத இடங்களிலும் விலை வந்துவிட்டது, வேலி வந்துவிட்டது, நாளைக்கு யார் வந்து எழும்பச் சொல்வாரோ என்ற பயம் வந்துவிட்டது. திட்டம் தாளில் இருக்கும்போதே ஊரை மாற்றிவிடுகிறது என்பதை இந்தப் பதினைந்து ஆண்டுகளில் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வேலி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்க்க வேண்டும். வள்ளம் ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு, சில நூறு மீற்றர் தள்ளி மறு தலைப்பைக் கரைசேர்க்கும். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இடுப்புக் கயிற்றைப் பெருங்கயிற்றில் கொழுவி, கடலைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பார்கள். மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் கழற்றிக்கொண்டு மறுபடி நீர்விளிம்புக்கு ஓடிவந்து கொழுவுவார். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் பக்கவாட்டிலும் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். மடி கரையேறும்போது மணிக்கணக்கு ஆகியிருக்கும். நெத்தலியோ சூடையோ கீரியோ, பட்டது கூடைக்குப் போகும். கடைசி நேரத்தில் வந்து கை கொடுத்த கிழவிக்கும் கறிக்கு ஒரு பிடி உண்டு. மிஞ்சிய நெத்தலி அந்த மணலிலேயே காயும்.

இத்தனைக்கும் மணல் வேண்டும். நீளத்துக்கும் வேண்டும், ஆட்கள் பின்னால் நடக்க அகலத்துக்கும் வேண்டும். உயர்நீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதில் வந்தால் பின்னோக்கி நடக்க இடமில்லை. இரண்டு கயிறுகளுக்கும் நடுவே சாய்வு நாற்காலிகள் போட்டால் அணிகள் நெருங்க வழியில்லை. மதிலைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினால் வலை கிழியும். காணிக்காரர் தன் உறுதியில் உள்ள எல்லைக்குள்தான் கட்டியிருப்பார். ஆனாலும் கரைவலை இழுக்கும் இடமான ஒரு பாடு செத்துவிடும், அதோடு அதில் இழுத்த முப்பது நாற்பது பேரின் வேலையும் போய்விடும். உச்சமுனையிலிருந்து தெற்கே உடப்பு வரை இந்தத் தொழிலின் நிலைமை இதுதான்.

காலமும் ஒரு சிக்கல். வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வெளிக்கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்திருக்கும். பட்டம் பிடித்து நீரில் பாயும் வெளிநாட்டவர்கள் பெருவாரியாக வருவது அந்தக் காற்றுக்குத்தான். காற்று விழுந்து கடல் படியும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கி மாசி, பங்குனி வரைக்கும் வலைக்காரருக்கும் அந்தக் கடல் வேண்டும், டொல்பின் பார்க்க வருபவருக்கும் அதே கடல் வேண்டும். எந்த மாதம் எந்தக் கரை யாருக்கு என்று உட்கார்ந்து பேசினால் பங்கிட்டுக்கொள்ளக்கூடிய விடயம்தான் இது. பேசுவதற்கான இடம்தான் ஊரில் இல்லை.

இங்கே நம் அரசியலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் புத்தளம் மாவட்டத்துக்குப் போராடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றதும் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை முன்வைத்துக் கத்தோலிக்க மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். அப்படியும் 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கியது, இன்று 900 மெகாவாற் நிலையம் அங்கே நிற்கிறது. 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையை நம் மாவட்டத்து அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு துரிதமானது. அதை எதிர்த்து 2018இலும் 2019இலும் ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் விகாரையும் ஒரே பக்கம் நின்றன. கொழும்புவரை போய்க் குரல் கொடுத்தோம். குப்பை வந்தது உண்மை, ஆனால் அந்த மாதங்களில் நம்மூர் ஓர் ஊராக இருந்தது.

காணி விடயத்தில் ஏன் அப்படி நிற்க முடியவில்லை? குப்பையின் நாற்றம் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோலப் போனது. காணி விலை அப்படி வருவதில்லை. உறுதி வைத்திருப்பவருக்கு அது ஆயுளில் ஒருமுறை கிடைக்கும் பணம், மகளின் கல்யாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம். அரச காணிக்குப் பேர்மிட் வைத்திருப்பவருக்கு அது சந்தேகம். ஒரு தாளும் இல்லாமல் மூன்று தலைமுறையாக வாடியில் இருப்பவருக்கு அது வெளியேற்றம். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். முகாமிலிருந்து மெல்ல மெல்லச் சில பேர்ச் காணி வாங்கி ஓலைக்குடிலைக் கல்வீடாக்கியவர்களுக்கு, மீண்டும் ஓர் அளவுநாடாவைப் பார்ப்பது சாதாரண விடயமாக இருக்க முடியாது. இப்படி வீட்டுக்கு வீடு நிலை வேறாக இருப்பதால், முதலீட்டாளரின் ஆள் வரும்போது ஊரைப் பார்க்க வருவதில்லை. இந்த வீட்டுக்கு ஒரு பேச்சு, அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு. கத்தோலிக்க மீனவரிடம் முஸ்லிம்கள் விற்றுவிட்டார்கள் என்ற கதை, முஸ்லிம்களிடம் சிங்கள ஊர்க்காரர் சம்மதித்துவிட்டார்கள் என்ற கதை. கதைகள் முந்திக்கொள்கின்றன. கடைசியில் எல்லாரும் பயந்து விற்கிறார்கள்.

தேர்தல் இதைக் கலைக்கவில்லை. 2020 ஆகஸ்டில் புத்தளத்து முஸ்லிம் கட்சிகள் ஒரே சின்னத்தில் நின்று, மூன்று தசாப்தங்களுக்குப் பின் மாவட்டத் தேர்தலில் வென்று பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்பின. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஓர் உறுப்பினரைப் பெறுவதற்குக் காட்டிய ஒழுங்கில் கால்வாசியைக் கரைக்கு நாம் காட்டவில்லை. பிரதேச சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் ஏறக்குறைய எல்லா உள்ளூராட்சி சபைகளிலும் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. சபை இருந்த காலத்திலும் அங்கே தெருவிளக்கு பேசப்பட்டது, மதகு பேசப்பட்டது, வியாபார அனுமதி பேசப்பட்டது. கட்டட அனுமதி கொடுக்கும் அதே சபை, அந்தக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள பாட்டில் யார் வலை இழுக்கிறார்கள் என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். வலைக்காரரின் அனுமதிப்பத்திரம் மீன்பிடித் திணைக்களத்தில் கிடக்கிறது. கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. காணி பிரதேச செயலகத்தில். தீவுகள் சுற்றுலா அதிகார சபையில். நான்கு அலுவலகத் தாள்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால்தான் ஒரு கரை கண்ணுக்குத் தெரியும். இதுவரை அந்த மேசையை யாரும் போடவில்லை.

அதை ஊரார் நாமே போட வேண்டும் என்பதுதான் இந்தத் தலையங்கம் சொல்ல வருவது. உறுதி இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்று மேடையில் சொல்வது எளிது. அதற்கு எழுத்து வேண்டும். எந்தப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மாதங்களில் இழுக்கிறார்கள், எத்தனை பேர், வள்ளம் எங்கே ஏற்றப்படுகிறது, கருவாடு எங்கே காய்கிறது, பெண்கள் களப்புக்கு இறங்கும் ஒழுங்கை எது, எந்த வாடி எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று ஒவ்வொரு கரைக்கும் ஒரு பதிவு வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. சென்னையில் ஊரூர் குப்பம் போன்ற ஊர்களின் மீனவ இளைஞர்கள் தங்கள் கரையின் பயன்பாட்டைத் தாங்களே வரைபடமாக்கினார்கள். எண்ணூரில் 1996ஆம் ஆண்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிறகு வந்த வரைபடத்தில் இல்லாமல் போனதை மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் கண்டுபிடித்துக் கேட்டார்கள்; பழைய தாள் ஒன்று கையில் இருந்ததால்தான் கேட்க முடிந்தது. நம் நாட்டிலேயே, 2010இல் கிழக்கே பாணமைக் கரையிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் விடாமல் நின்று, 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கும் அமைச்சரவைத் தீர்மானத்தைப் பெற்றன. தீர்மானம் தாளிலேயே இழுபட்டபோது 2016இல் தாங்களாகவே காணிக்குத் திரும்பிப் போனார்கள்.

எழுதி வைப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் அகர வரிசையில் தொகுத்துச் சிலோன் கசெற்றியரை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் தமிழ் புளூட்டாக் என்று தந்தவரும் அவர்தான். ஆண்டுதோறும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அவர் செய்த வேலையை அவர் ஊரின் கரைக்கு இன்னும் செய்யவில்லை.

வேலை உடனே தொடங்க வேண்டும். சோளகம் ஓயும் முன்பு, வலைக்காரருக்கு ஓய்வு இருக்கும் மாதங்களிலேயே முதல் சுற்றை முடித்துவிடலாம். மீனவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், பங்குச் சபை, கோயில் அறங்காவலர் என்று ஒவ்வொன்றும் இரண்டு பேரை விட்டால் போதும். கரையில் நடந்து போவது கூட்டாக இருக்க வேண்டும், அவரவர் கரையை அவரவர் எழுதினால் பழைய கதைகள் மறுபடி உள்ளே நுழைந்துவிடும். உயர்தர வகுப்பு மாணவர்கள் தொலைபேசியில் இடக்குறிப்பு எடுக்கட்டும். வயதானவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பிரதிகள். விற்றவர்களையும் கூப்பிட வேண்டும். விற்ற காணிக்கு முன்னால் இருந்த பாட்டை அவர்களைப்போல் அறிந்தவர் வேறில்லை.

முடிந்த பதிவைப் பிரதேச சபையின் பொதுக் கூட்டத்தில் வைத்து, கரைக் கட்டட அனுமதி எதற்கும் முன்பு அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தீர்மானம் எடுக்கும்படி புதிய உறுப்பினர்களைக் கேட்கிறோம். எந்தக் கட்சியில் வந்திருந்தாலும் சரி. அதற்கு யார் கை உயர்த்தினார், யார் உயர்த்தவில்லை என்பதைப் பெயரோடு இந்த இதழில் போடுவோம். பதிவின் ஒவ்வொரு பகுதியையும், வந்து சேரும் ஒழுங்கில், அடுத்த இதழிலிருந்தே வெளியிட இடம் ஒதுக்கியிருக்கிறோம். உச்சமுனையிலிருந்து முதலில் வரட்டும்.