சம்பளம் என்று சொல்லக் கூசும் சர்க்கார்

சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி ஊத்தங்கரைப் பக்கம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் ஓர் அங்கன்வாடி மையம் கண்ணில் படும். மாந்தோப்புக்குக் கூலிக்குப் போகும் தாயும், ஓசூர் ஆலையில் ஷிப்டுக்குப் போகும் தகப்பனும் அந்த மையத்தை நம்பித்தான் பிள்ளையை விட்டுச் செல்கிறார்கள். பிள்ளையை எடை போடுவது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்குவது எல்லாம் டீச்சரம்மாவின் வேலை. சோறாக்கி ஊட்டி, இடத்தைக் கழுவிக் கூட்டுவது ஆயாம்மாவின் வேலை. பள்ளிக்கூடத்துக்குள் போனால் சத்துணவுச் சமையல்கூடத்தில் இன்னும் இருவர் புகையோடு போராடிக் கொண்டிருப்பார்கள்.

இவர்கள் யார்? தொழிலாளிகளா? டில்லி சர்க்கார் இல்லை என்கிறது. சர்க்கார் ஊழியர்களா? அதுவும் இல்லையாம். "கவுரவ ஊழியர்கள்" என்று ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். கொடுக்கும் காசுக்கும் "மதிப்பூதியம்" என்று பெயர். சம்பளம் என்று சொன்னால் சட்டம் வந்து நிற்கும். குறைந்தபட்சக் கூலி, பி.எப்., கிராஜுவிடி எல்லாம் பின்னாலேயே வரும். ஆகவேதான் இந்தக் கவுரவம்!

வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள், தோழர்களே. 2024 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் சத்துணவு மையங்களுக்கு 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க உத்தரவிட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். பன்னிரண்டு மாதம் ஓடிய பிறகு 3,000 - 9,000 என்ற "சிறப்புக் காலமுறை ஊதியம்". முதல் ஆண்டில் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய்! கிராம வேலை உறுதித் திட்டத்தில் மண் வெட்டுகிற தாய்க்கு 2025-26ஆம் ஆண்டுக்கு டில்லி நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதுவே போதாது என்று விவசாயத் தொழிலாளர்கள் நியாயமாகக் கேட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத தொகையைச் சர்க்கார் தன் சொந்த உத்தரவில் அச்சடித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. வேலை அரை நாள்தான் என்று வாதிப்பார்கள். அரை நாள் வேலைக்குப் போய் வந்தவளை மீதி அரை நாளுக்கு எந்தத் தோட்டக்காரர் கூப்பிடுகிறார்?

அடுத்து 2025இல் அங்கன்வாடி நியமனம் வந்தது. ஊழியர் 3,886, குறு மைய ஊழியர் 305, உதவியாளர் 3,592, ஆக 7,783 இடங்கள். பல்லாண்டுகள் காலியாகக் கிடந்த இடங்கள் நிரம்புவதை நாம் வரவேற்கவே செய்கிறோம். ஒரே டீச்சர் இரண்டு மூன்று மையங்களைச் சுமந்த கொடுமை கொஞ்சமாவது குறையும். ஆனால் பன்னிரண்டாவது தேறிய பெண்ணுக்கு முதல் ஆண்டு 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய் என்பது என்ன கணக்கு? அகவிலைப்படி சேர்ந்து, சர்வீஸும் ஏறினால் தொகை கூடும் என்பது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலமுறையே மற்ற ஊழியர்களின் காலமுறைக்கு வெளியே, தனியாக வேலி போட்டு வைத்த ஒன்று.

டில்லியின் பங்கைக் கேட்டால் கதை இன்னும் மோசம். 2018 அக்டோபரில் ஊழியருக்கு 3,000 ரூபாயை 4,500 ஆக்கினார்கள். உதவியாளருக்கு 1,500ஐ 2,250 ஆக்கினார்கள். அதன்பின் ஏழு ஆண்டுகள் அந்தத் தொகை அசையவில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் அரிசியும் எண்ணெயும் கேஸ் சிலிண்டரும் அசையாமல் நின்றனவா?

காசு நின்ற இடத்தில் நின்றது. வேலை மட்டும் பெருகியது. 2021இல் "போஷன் டிராக்கர்" என்று கைபேசிக் கணக்கு வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டுக்குச் சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைக் கைபேசியில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லாவிட்டால்? தாய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஏச்சு வாங்குவது டீச்சரம்மா. இது போதாதென்று வாக்காளர் பட்டியல் வேலையும் அவர்கள் தலையில்தான்.

இந்தத் திட்டங்கள் நேற்று முளைத்தவை அல்ல. காமராஜர் காலத்து மதிய உணவு 1956, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு 1982 ஜூலை. அரை நூற்றாண்டாக நிரந்தரமாக நடக்கும் வேலைக்கு ஆட்கள் மட்டும் தற்காலிகமா? 2013 மே மாதம் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்காரும் முதலாளிகளும் சங்கங்களும் ஒன்றாய் உட்கார்ந்து, இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலியும் பென்ஷனும் தர வேண்டும் என்று பரிந்துரை செய்தார்கள். அதன் பிறகு யார் ஆண்டாலும் அந்தக் காகிதம் அலமாரியிலேயே தூங்குகிறது.

கோர்ட்டுகளின் நிலையும் மாறியிருக்கிறது. 2006இல் அமீர்பி வழக்கில், இவர்கள் வகிப்பது சர்க்கார் பதவி ஆகாது என்றது சுப்ரீம் கோர்ட். அந்தத் தீர்ப்பைக் கேடயமாய்ப் பிடித்தே அதிகாரிகள் காலம் தள்ளினார்கள். 2022 ஏப்ரல் 25 அன்று குஜராத் அங்கன்வாடி ஊழியர்கள் வழக்கில் அதே கோர்ட், 1972ஆம் ஆண்டு கிராஜுவிடிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இவர்கள் பெறுவது கூலியே; 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்த கடமையைத்தான் இவர்கள் செய்கிறார்கள் என்றது. 2025 ஆகஸ்டில் குஜராத் ஹைகோர்ட் இன்னும் ஒரு படி சென்று, ஊழியருக்கு மாதம் 24,800, உதவியாளருக்கு 20,300 ரூபாய் என்று நிர்ணயித்தது.

கிராஜுவிடிக் கணக்கு ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. கடைசிச் சம்பளம் 15,000 ரூபாய், சர்வீஸ் 30 வருடம் என்று வைத்துக் கொள்வோம். 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 30ஆல் பெருக்குங்கள். இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. இங்கே கொடுத்து வந்த ஒட்டுமொத்தத் தொகையோ ஊழியருக்கு ஒரு லட்சம், உதவியாளருக்கு ஐம்பதாயிரம்! மாதம் 2,000 ரூபாய் பென்ஷன் என்பதும் பல ஆண்டுகள் நகராமல் நின்றது. தீர்ப்பு எங்கே, பட்டுவாடா எங்கே?

நமது எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது? 2023 ஜனவரிக் குளிரில் கர்நாடக அங்கன்வாடிப் பெண்கள் பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலும் உட்கார்ந்து கிராஜுவிடி கேட்டார்கள். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தூரம் அது. தீர்ப்பு தானாக நடந்து வீட்டுக்கு வராது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆலைத் தோழர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் மையம் பூட்டிக் கிடக்கும்; பிள்ளையை எங்கே விடுவது என்று கோபம் வரும். அதிகாரிகள் அந்தக் கோபத்தைத்தான் கணக்குப் போட்டுக் காத்திருக்கிறார்கள். இடம் கொடுக்காதீர்கள். அன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக் கொள்ளுங்கள். தொகுப்பூதியத்தை ஒழித்துக் காலமுறைச் சம்பளம், கிராஜுவிடித் தீர்ப்பின்படி பட்டுவாடா என்ற இரண்டு கோரிக்கைகளையும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஆலை வாசலில் சங்கப் பெண்கள் மனுவோடு நிற்கும்போது, ஷிப்டுக்கு மணி அடிப்பதற்குள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.