அடித்தது அண்ணன், ஒலிப்பது வேறு பறை

"தம்பி, இது என் கை இல்லையே" என்றார் அண்ணன். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர். என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, அவர் பாட்டொன்றுக்கு வாசிக்கப் போனபோது நானும் சென்னையிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் அடித்தார். மூன்று வாரம் கழித்து வெளியான பாட்டை என் கைப்பேசியில் கேட்டதும்தான் அப்படிச் சொன்னார்.

ஒலிப்பொறியாளரிடம் கேட்டோம். "டைமிங் எல்லாம் உங்களதுதாண்ணே. சவுண்டு மட்டும் மாத்தியிருக்கோம்" என்றார். எதையும் மறைக்கவில்லை. அவருக்கு இது அன்றாட வேலை.

பதிவான ஒலியில் அடி விழும் இடங்களை மென்பொருள் கண்டுபிடிக்கும். ஒவ்வோர் இடத்திலும், முன்பே பதிந்து வைத்த வேறோர் அடியின் ஒலியை, அதாவது சாம்பிளை, ஒலிக்க வைக்கும். 1980இல் வெளிவந்த ஸ்டீலி டேன் குழுவின் 'காச்சோ' இசைத்தொகுப்புக்காக ரோஜர் நிக்கோல்ஸ் 'வெண்டல்' என்ற டிரம்ஸ் சாம்பிள் கருவியையே உருவாக்கினார். இன்று 'டிரிக்கர்' போன்ற மென்பொருள் மடிக்கணினியிலேயே இதைச் செய்துவிடுகிறது.

எது அடி, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்க மென்பொருளில் ஓர் அளவு வைக்க வேண்டும். பறையில் வலக்கைக் குச்சி குட்டை, கனம். இடக்கைக் குச்சி நீளம், மெல்லிசு. மெல்லிய குச்சி கனத்த அடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை ஆட்டமாக்குவதே அதுதான். அளவைக் கூட்டி வைத்தால் அந்த அடிகள் கணக்கில் வராது. குறைத்தால் பக்கத்தில் ஒலிக்கும் ஜால்ராவும் அடியாகிவிடும். அண்ணனின் இடக்கை அங்கேதான் காணாமல் போனது.

பொறியாளர் பக்கமும் நியாயம் உண்டு. பறையைக் காய்ச்சினால்தான் சுதி ஏறும். கூடத்துக்குள் நெருப்பு கூடாது. மொட்டை மாடியில் காகிதம் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு அண்ணன் படியிறங்கி வருவார்; ஆற ஆறச் சுதி இறங்கும். முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஒன்றாக ஒலிக்காது. காய்ச்ச ஒரு மூலை ஒதுக்குவதைவிட மென்பொருள் மலிவு.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: பறையடிக்கும் கட்டாயத்திலிருந்து விடுபடத்தானே போராடினோம், இயந்திரம் அடித்தால் என்ன? சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊரை எதிர்த்து நின்றவர்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். இங்கே அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. பறை ஒலி பாட்டுக்கு வேண்டும், 'மண்ணின் இசை' என்று விளம்பரத்துக்கும் வேண்டும். அடித்தவர் மட்டும் வேண்டாம். சேரிக்காரரின் உழைப்பை வாங்கிக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அவர் அடிக்குப் பதிலாக வந்த அடியும் யாரோ ஒரு கலைஞருடையதுதானே? அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

1969இல் வெளியான 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் வாசித்த சில விநாடி டிரம்ஸ், பின்னால் ஆயிரக்கணக்கான பாடல்களில் சாம்பிளாக ஓடியது. அவருக்கு ராயல்டி வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார்.

நம் சட்டத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம், நிகழ்த்துபவருக்கு ராயல்டி உரிமையையும், தன் நிகழ்த்துதலைத் தன்னுடையது என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும் தருகிறது. ஆனால் அதே 38பி பிரிவின் விளக்கம், முற்றிலும் தொழில்நுட்பக் காரணங்களுக்காகச் செய்யும் மாற்றம் கலைஞரின் நற்பெயரைக் கெடுப்பதாகாது என்கிறது. ஒரு கலைஞரின் இடக்கையை அழிப்பது தொழில்நுட்பக் காரணமா? இதை நாம்தான் கேட்க வேண்டும். தனியிசை செய்யும் நம் தோழர்களும் இதே மென்பொருளை வைத்திருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன் கலைஞரிடம் கேளுங்கள். மாற்றினாலும் பெயரைப் போடுங்கள். தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். சாம்பிளுக்கு அடிப்பவருக்கு, அது எதற்கு, எத்தனை பாட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

அந்தப் பாட்டின் விவரக்குறிப்பில் 'ரிதம் புரோகிராமிங்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அது அண்ணனின் பெயர் இல்லை. தான் அடித்த அசல் பதிவையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பேரன் கேட்பானாம். இன்னும் வரவில்லை.