ஆமை புகுந்த அறை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் ஊர்ப் பழமொழி. அமீனா புகுந்த வீட்டின் கதியைக் கடன்பட்டோர் அறிவர். அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆமை புகுந்த வீட்டைப் பற்றித்தான் நான் மாறுபடுகிறேன். வீடு கெடுவதில்லை, புகுந்த ஆமைதான் கெடுகிறது.

இன்று பழமொழி தலைகீழாகிவிட்டது. ஆமை இருந்தால் செல்வம் சேரும், தேர்வில் வெற்றி வரும் என்று சொல்லி விற்கிறார்கள். இங்கே காசியிலும், மாணவர் அறைகளில் கண்ணாடிக் கிண்ணமும் அதில் உள்ளங்கை அளவு ஆமையுமாகக் காண்கிறேன். “குரைக்காது, பால் கேட்காது, விடுதிக் காப்பாளருக்கும் தெரியாது” என்பது நண்பர்கள் கூறும் நியாயம். ஆமைக்குக் குரல் இல்லாதது நமக்கு வசதி. அதற்கோ அதுவே கேடு. பசித்தாலும் நோயுற்றாலும் கத்தாத உயிரை வளர்ப்பவன் தன் கண்ணையாவது திறந்து வைத்திருக்க வேண்டாமா?

தமிழில் ஆமை என்பது ஒரே சொல். ஆனால் நிலத்தில் வாழ்வதும் நீரில் வாழ்வதும் ஒன்றல்ல. நிலத்தில் வாழும் நட்சத்திர ஆமை நம் நாட்டின் செல்வம். அதை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, அது முதல் அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டது. ஆகவே அதைப் பற்றி விவாதமே இல்லை. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, கண்ணின் பின்னே சிவப்புக் கோடுடைய பச்சை நீராமை. அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி.

அதற்கு என்ன வேண்டும்? கிண்ணம் போதாது, நீந்துமளவு ஆழமான தொட்டி வேண்டும். ஏறி உடலை உலர்த்த ஒரு கல் வேண்டும். உண்பதும் கழிப்பதும் அதே நீரில்தான். எனவே நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நேர் வெயில் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும். சன்னலோரம் வைத்தால் போதும் என்பார்கள், போதாது. எலும்புக்கு உதவும் புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அக்கதிரும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் ஓடு மெதுவாகி வளையும். ஓடு என்பது கழற்றி மாட்டும் சட்டையன்று. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து அமைந்த உடலே அது. அதில் வண்ணம் பூசி அழகு பார்ப்பவர்கள் இதை எண்ண வேண்டும்.

சோறும் ரொட்டியும் அதற்கு உணவல்ல. குஞ்சுப் பருவத்தில் சிறு மீன், புழு, பூச்சி. வளர வளரக் கீரையும் நீர்ச்செடியும் மிகுதி. உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தால் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். சனவரிக் குளிரில் உடற்சூடு குறைந்து, தின்றது செரிக்காது. சூடு தரும் விளக்கு வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலோ, நீந்தும்போது ஒருபக்கம் சாய்ந்தாலோ நுரையீரல் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும். ஆமை வழியாகச் சால்மொனெல்லா கிருமி பரவும். இதன் பொருட்டே அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனை 1975இல் தடை செய்யப்பட்டது.

இத்தனையும் செய்ய வல்லவர் நம்மில் எத்தனை பேர்? நம் பட்டப்படிப்பு மூன்றாண்டு; அந்த ஆமையின் ஆயுள் முப்பதாண்டும் செல்லும். பெண் ஆமை ஓரடி நீளம் வரை வளரும். மே மாதத்தில் நாம் பெட்டியைக் கட்டி ஊருக்கு ரயிலேறும்போது, நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் பூட்டிய அறையில் அது என்ன ஆகும்?

“கங்கையில் விட்டுவிட்டால் புண்ணியம்” என்கிறார்கள். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். கங்கைக்கென்று சொந்த ஆமைகள் உண்டு. அவற்றைக் காக்க இந்நகரிலேயே 1989இல் ஆமைச் சரணாலயம் அமைத்தார்கள். சாரநாத்தில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விட்டார்கள். 2020இல் அந்தச் சரணாலய நிலை நீக்கப்பட்டது. ஆமைகளின் துன்பம் நீங்கிவிடவில்லை. அயல்நாட்டு ஆமையை அங்கே விட்டால் உணவிலும் வெயில் காயும் இடத்திலும் போட்டி, நோயும் பரவும். உலகின் மிகக் கொடிய நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. கேரளத்து நீர்நிலைகளில் ஏற்கெனவே காணப்பட்டும் இருக்கிறது. ஓர் உயிரைக் கைகழுவுவது புண்ணியமாகாது.

ஆதலால் நான் சொல்வது இதுதான்: வாங்காதீர்கள். முன்பே வைத்திருப்பவர்கள் ஆற்றில் விடாமல், மேற்சொன்ன வகையில் காத்து வளருங்கள். முடியாதவர்கள், இடமும் பொறுப்பும் உள்ள குடும்பத்தாரைத் தேடி ஒப்படையுங்கள். விடுமுறைக்கு இங்கேயே தங்கும் தோழர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள நம் சங்கம் ஏற்பாடு செய்யலாம். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

புலனடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டினார் வள்ளுவர். கடை வாசலில் நிற்கும்போது நாம் அடக்க வேண்டியது ஐந்துகூட இல்லை. பணப்பையை நோக்கிப் போகும் கை ஒன்றுதான்.