சராசரிக்கு அப்பால் ஒரு கேள்வி

கணினியியல் ஆய்வேடுகளில் செயல்திறன் குறித்த அத்தியாயம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: சராசரி மறுமொழி நேரம் 2 விநாடி. இதை ஆய்வுமுடிவாக ஏற்பதை நாம் நிறுத்த வேண்டும். மறுமொழி நேரம் அடுக்குக்குறிப் பரவலில் அமைகிறது என்று கொண்டால், சராசரி 2 விநாடியாக உள்ள அமைப்பில் 2 விநாடிக்குள் விடை பெறுவோர் ஏறத்தாழ 63 விழுக்காட்டினரே. 95 விழுக்காட்டினருக்கு விடை சேர ஏறத்தாழ 6 விநாடி ஆகும். காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புத் தட்கல் முன்பதிவு திறக்கும்போது காத்திருப்பவருக்கு இவற்றுள் எந்த எண் தேவை? அந்த முதல் நிமிடத்தில் அமைப்பு சமநிலையை எட்டியிருக்கவே மாட்டாது. நீண்டகாலச் சராசரிக்கு அங்கே பொருளில்லை.

'கோரிக்கை எழுந்து 2 விநாடிக்குள் மறுமொழி வரும் நிகழ்தகவு 0.95க்குக் குறையாது' என்பது, மோடல் தருக்க மரபில் வந்த சி.எஸ்.எல். தருக்கத்தில் ஒற்றை வரிச் சூத்திரம். அமைப்பை விவரிக்க, எடின்பரோவில் ஜேன் ஹில்ஸ்டன் 1990களில் உருவாக்கிய பெபா போன்ற செயல்முறை இயற்கணிதம் இருக்கிறது. பயனர், சர்வர், தரவுத்தளம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, அவை கூடிச் செய்யும் செயல்களைக் குறித்து இணைத்தால் மார்க்கோவ் சங்கிலி தானே கிடைக்கிறது. பிரிசம் போன்ற கருவி அதில் சூத்திரத்தைச் சரிபார்க்கும்.

இவ்விரண்டின் உறவு வசதிக்காக ஏற்பட்டதன்று. மூன்று நிலைகள் கொண்ட ஒரே மாதிரியான 10 பயனர்களைத் தனித்தனியே கணக்கில் கொண்டால் 59,049 நிலைகள். எந்த நிலையில் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் 66. ஒருவரின் காத்திருப்பைப் பின்தொடர அவரை மட்டும் பிரித்து வைத்தாலும் 165தான். இப்படிச் சுருக்கியபின் விடை மாறாது என்று எதை வைத்து நம்புவது? கிளைகள் முடிவுறு எண்ணிக்கையில் இருக்கும்வரை, இரு செயல்முறைகள் ஈடாக நடந்துகொள்வதும் ஒரே மோடல் சூத்திரங்களை நிறைவுசெய்வதும் ஒன்றே என்று ஹென்னஸியும் மில்னரும் நிறுவினர். மார்க்கோவ் சங்கிலிக்கும் சி.எஸ்.எல்.லுக்கும் இதையொத்த முடிவு பின்னர் வந்தது. ஆகவே அந்தச் சுருக்கத்துக்குத் தேற்றமே பிணை.

அடுக்குக்குறிப் பரவலுக்கு நினைவில்லை, உண்மையான சேவைகள் அப்படி நடப்பதில்லை என்ற மறுப்பு நியாயமானது. கட்டங்களைத் தொடராக அடுக்கி அதை ஓரளவு சரிசெய்யலாம். நிலைகள் பெருகுவது அதற்கான விலை. ஆயினும் சிமுலேஷன் நிரலுக்குள் புதைந்துபோகும் அனுமானம் இங்கே மாதிரியின் வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் வரிசைக் கோட்பாடு ஒரு பருவத்திலும் தருக்கம் வேறொரு பருவத்திலும் நின்றுவிடுகின்றன. முனைவர் பட்ட முன்தேர்வுப் பாடத்திலேனும் இரண்டையும் ஒருசேரக் கற்பிக்கலாம். அதுவரை, சராசரியோடு வரும் மாணவரிடம் எந்தச் சூத்திரத்தைச் சரிபார்த்தார் என்று நெறியாளர்கள் கேட்கத் தொடங்கலாம்.