தண்ணீரும் வாக்குரிமையும்

ஹாலந்து தேசத்தின் வடபாகத்தில் ஃபிரீஸ்லாந்து என்றொரு மாகாணம் உண்டு. அங்கே லெம்மர் என்னும் ஊரில் 1920-ஆம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி வில்ஹெல்மினா ராணியார் திறந்து வைத்த நீராவி இறைப்பு நிலையம் இன்றும் வேலை செய்து வருகிறது. இன்னும் தொழில் புரியும் நீராவி இறைப்பு நிலையங்களில் உலகிலேயே பெரியது இதுதான். 1998-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதனால் இது பொருட்காட்சிச் சாலைக்குப் போன பழம்பொருள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பெருமழையில் ஏரிகள் நிரம்பி அபாயம் நேரும்போது கொதிகலன்களில் நெருப்பு மூட்டப்படுகிறது.

இந்த யந்திரம் ஏன் பிறந்தது? ஃபிரீஸ்லாந்தின் தாழ்ந்த நிலங்களில் தேங்கும் நீரைக் காற்றாலைகள் இறைத்துச் சற்று உயரமான கால்வாய்களிலும் ஏரிகளிலும் விட்டு வந்தன. கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து அதனை வெளியேற்றுவார்கள். பெருகும் நேரத்தில் மூடிவிடுவார்கள். முறை எளிதுதான். ஆனால் குளிர்காலத்தில் புயற்காற்று கடலைக் கரையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டால் வற்றம் என்பதே இராது. மதகு திறக்க வழியில்லை, மழையோ ஓய்வதில்லை, மேய்ச்சல் நிலங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். கடலின் தயவை எதிர்பாராமல் நீரைத் தூக்கி வெளியே தள்ள மாகாண எஞ்சினீயர் வூடா வகுத்த திட்டமே லெம்மர் நிலையம். நான்கு நீராவி யந்திரங்கள், எட்டுப் பம்புகள். நிமிஷத்துக்கு 40 லட்சம் லிட்டர் ஜலம்!

1932-ல் பேரணை கட்டிக் கடல்வாயை அடைத்தபின் உட்கடல் நன்னீர் ஏரியாயிற்று. 1966-ல் ஸ்டாவோரனில் மின்சார நிலையம் வந்ததும் அன்றாட வேலை அங்கே போயிற்று. லெம்மரில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயை எரிக்க ஏற்பாடு செய்து, ஆபத்துக் காலத்துக்கென்று வைத்துக்கொண்டார்கள். இது வீண்செலவு என்பாரும் இருக்கலாம். நாம் அப்படி எண்ணவில்லை. நீராவியைக் கையாளும் வித்தை புஸ்தகத்தில் தங்குவதன்று; ஒரு தலைமுறை கைவிட்டால் போயிற்று.

நிலையத்தின் சொந்தக்காரர் ராணியும் அல்லர், கம்பெனியும் அன்று, ஃபிரீஸ்லாந்து நீர்ச்சபை. ஹாலந்தில் இத்தகைய சபைகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தோன்றின. இப்போது 21 உள்ளன. இவை தாமே வரி விதிக்கின்றன. அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கரை உடைந்தால் எவன் நஷ்டப்படுவானோ அவன் பணம் கொடுக்க வேண்டும். பணம் கொடுப்பவனுக்குச் சபையில் சொல்லும் இருக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. நெடுங்காலம் அந்தச் சொல் பெரும்பாலும் நிலமுடையோருக்கே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஜாவாவில் வரி கொடுத்த குடியானவன் விஷயத்தில் ஒல்லாந்தருக்கு இந்தக் கொள்கை ஏனோ நினைவுக்கு வரவில்லை. ராணியார் லெம்மரில் யந்திரத்தை ஓட்டிவிட்ட பிறகு இந்தோனேசியாவின் சுதந்திரத்தை அவர்கள் ஒப்புக்கொள்ள 29 வருஷம் ஆயிற்று.

நிற்க. பம்பு எவ்வளவு இறைக்க வேண்டும் என்பதை எஞ்சினீயர் மட்டும் தீர்மானிக்க முடியாது. அப்பிரதேசத்தில் பெரும்பகுதி மக்கிய தாவரங்களால் ஆன கரிமண். நீர் வடிந்தால் அதில் காற்றுப் புகும். மண் சிதைந்து தரை தாழும். தாழ்ந்தபின் மேலும் ஆழமாக இறைக்க வேண்டும். மாட்டுக்கும் டிராக்டருக்கும் உலர்ந்த தரை வேண்டுமென்று குடியானவன் கேட்கிறான். மரத்தூண்மேல் வீடு கட்டியவனோ நீர் இறங்கினால் அஸ்திவாரம் உளுத்துப் போகுமென்று அலறுகிறான். ஆகவே சபையில் யார் உட்காருகிறார்கள் என்பதே முக்கியம்.

அங்கேதான் குறை இருக்கிறது. தேர்தலுக்கு நிற்காமலே சபைக்கு வரும் ஒதுக்கீட்டு ஸ்தானங்கள் இன்னும் முற்றும் ஒழியவில்லை. 2023-ஆம் வருஷத்துத் தேர்தல் முதல் வர்த்தகர்களின் ஸ்தானங்கள் நீங்கின. விவசாயத்துக்கு இரண்டும் இயற்கைப் பாதுகாப்புக்கு இரண்டும் மிஞ்சியுள்ளன. விவசாயிகள் தொகையில் குறைந்தவர்கள், வாக்குப் பெட்டியில் அவர்கள் அமிழ்ந்து போவார்கள் என்று காரணம் சொல்லப்படுகிறது. அதே 2023 தேர்தலில் விவசாயிகளின் பெயரால் நின்ற புதிய கட்சி பல சபைகளில் முதலிடம் பெற்றதே! மிஞ்சிய நான்கு ஸ்தானங்களையும் வாக்காளரிடமே ஒப்படைப்பதுதான் நியாயம்.