முதல் தளத்தைக் கடைக்காரரே கட்டட்டும்

இணையதளம் வைக்கலாம் என்று ஒரு சிறுதொழில்காரர் முடிவெடுத்த மறுநாளே அவரிடம் இரண்டு யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். "அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள், காசைக் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள்" என்பது ஒன்று. "யூடியூப் பார்த்து நீங்களே செய்துவிடலாம், எதற்கு வீண் செலவு" என்பது மற்றொன்று. இரண்டுமே செலவை வைத்துத்தான் பேசுகின்றன. செலவு முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தளத்தில் என்ன இருக்கப்போகிறது, அதை யாரால் எழுத முடியும் என்பதை வைத்துப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. முதல் தளத்தை உரிமையாளரே கட்ட வேண்டும்; டிசைனரை அமர்த்துவது அதற்குப் பிறகு, இன்னது தேவை என்று அவருக்கே தெரிந்தபின் என்பது என் கட்சி.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஊரின் பெயரே பாதி விளம்பரம். அதை வாங்க நினைத்து ஒருவர் சென்னையிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ தளத்தைத் திறந்தால் அவர் தேடுவது சில விவரங்களைத்தான். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பாகு வெல்லத்திலா சர்க்கரையிலா, கூரியரில் போகும்போது நொறுங்காதா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் போட மொத்தமாகக் கிடைக்குமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்றுகூட டிசைனருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்பார். கடைக்காரர் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பார். அந்த நாளை வராது. கடைசியில் டிசைனர் தன் பங்குக்கு வேலையை முடிக்க வேண்டுமே! தரத்தைப் பற்றிப் பொதுவாக நான்கு வரி, கை குலுக்கும் இரண்டு வெளிநாட்டு முகங்களின் படம், அடியில் ஒரு வரைபடம் என்று பக்கங்கள் நிரம்பிவிடும். நம் ஊர்களில் இட்லி மாவுக் கடைத் தளமும் இரும்புக் கடைத் தளமும் ஒரே வசனம் பேசுவது இப்படித்தான்.

உரிமையாளரே உட்கார்ந்து கட்டும்போது இந்த நழுவல் நடக்காது. ஆயத்த டெம்ப்ளேட் ஒவ்வொன்றும் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி. எந்த மாநிலங்களுக்கு அனுப்புவீர்கள்? கட்டணம் எடைக்கா, பெட்டிக்கா? உடைந்து போனால் நட்டம் யாருக்கு? பதில் எழுத முயலும்போதுதான், இதைப்பற்றி இதுவரை முடிவே எடுக்கவில்லை என்பது பல பேருக்குத் தெரியவருகிறது. கடையில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து அவ்வப்போது சமாளித்தவை இவை. தளத்தில் எழுதியாக வேண்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொந்தத் தளத்தில் பொருள் விற்பவர் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தக் குறைதீர் அலுவலர் யார், அண்ணனா தம்பியா என்பதை டிசைனரா முடிவு செய்வார்?

"ஆனாலும் தொழில்முறைக் கைவண்ணம் வராதே" என்பது முதல் ஆட்சேபம். அந்தக் கைவண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தாங்கி நிற்கிறது. குறைந்த கட்டணத்துக்குத் தளம் செய்து தரும் பல பேர் செய்வது, அதே வேர்ட்பிரஸில் ஒரு ஆயத்த 'தீம்' ஏற்றி, வண்ணத்தை மாற்றி, லோகோவைப் பொருத்துவதுதான். அதில் தவறில்லை, அதற்கும் உழைப்பு வேண்டும். ஆனால் அதை வடிவமைப்பு என்று நினைத்துக் காசு கொடுக்கிறவர் தெரிந்து கொடுப்பது நல்லது. உண்மையான வடிவமைப்பாளர் வேறு இனம். அவர் முதலில் உங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றிக் கேட்பார், வண்ணத்தைப் பற்றிப் பேச அவருக்கு நாளாகும். அப்படிப்பட்டவரின் கட்டணம் பெரும்பாலும் முதல் தளம் வைக்கும் கடைக்கு எட்டாது. அழகைவிட வேகமும் தெளிவும் முதலில் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் 2023 வாக்கில் தளங்களைக் கைபேசிப் பதிப்பை வைத்தே பட்டியலிடும் முறைக்கு மாறி முடித்தது. முகப்பில் நகரும் ஐந்து பெரிய படங்கள் கைபேசியில் திறக்க நேரமாகும். அதற்குள் வந்தவர் போய்விடுவார்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் கடைகளின் நோட்டீசும் விசிட்டிங் கார்டும் டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் அச்சு வேலையில் பழைய எழுத்துருக்கள் இன்னும் போகவில்லை. அந்தக் கோப்பைக் கடைக்காரர் டிசைனரிடம் கொடுக்கிறார். அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் வரும். எனவே டிசைனர் அதைப் படமாக மாற்றி ஏற்றிவிடுகிறார். கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது, கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் படத்துக்குள் சிக்கிய எழுத்தை நம்பித் தேடுபொறியில் மேலே வர முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். சிறிய திரையில் பெரிதாக்கினால் மங்கும். இதே கடைக்காரர் தன் கைபேசியில் தட்டி எழுதியிருந்தால் அது தானாகவே யுனிகோடில் அமைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் தினமும் தமிழில் எழுதும் விரல்களுக்கு இந்த வேலை தெரியாததல்ல.

நேரம் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். இது வெற்றுச் சாக்கு அல்ல. கடையில் நிற்க வேண்டியவர் கணினி முன் உட்கார்ந்தால் வியாபாரம் கெடும்தான். ஆனால் ஆளிடம் கொடுத்தாலும் நேரம் மிச்சமாவதில்லை. விவரம் எழுதித் தர வேண்டும், படம் எடுத்துத் தர வேண்டும், வந்ததைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வெல்லம் விலை ஏறும்போதெல்லாம் அவருக்குப் போன் போட வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு அவர் போனை எடுப்பாரா என்பது வேறு விஷயம். முதல் தளத்துக்கு நாலைந்து பக்கம் போதும். பெரியது செய்ய ஆசைப்படுவதால்தான் நேரம் போதவில்லை.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் இருக்கும்போது தளமே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் சில தேதிகளைச் சொல்லலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது டிக்டாக்கை நம்பிக் கடை விரித்தவர்கள் ஒரே இரவில் தங்களைப் பின்தொடர்ந்த எல்லாரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. கூகுள், தன் வணிகப் பதிவோடு இலவசமாகக் கொடுத்துவந்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. இந்தக் கடைசித் தேதி என் வாதத்துக்கு எதிராகவும் திரும்பும் என்பதை மறைக்க வேண்டியதில்லை: சொந்தமாகக் கட்டியவர்களின் தளங்கள்தானே அவை! விக்ஸ் போன்ற சேவையில் கட்டிய தளத்தையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போக முடியாது. எனவே கட்டுவது யார் என்பதோடு, எதன்மேல் கட்டுகிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. எழுத்தும் படங்களும் தனியே நம்மிடம் ஒரு பிரதி இருந்து, டொமைனும் நம் பெயரில் இருந்தால் சேவை மூடினாலும் ஒரு வாரத்தில் வேறிடத்தில் எழுந்துவிடலாம்.

டொமைன் நம் பெயரில் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் ஆகும் அந்தப் பெயரை டிசைனர் "நானே வாங்கிவிடுகிறேன்" என்று தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, வேலை சுலபம் என்றுதான். ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை பதிந்தவரே உரியவர். கொத்தனார் பெயரில் பட்டா வாங்கிய மனை மாதிரி. அவர் வேலை மாறிப் போய், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால், பெயர் காலாவதியாகும். டாட் காமில் மீட்பதற்குக் கடைசியாகத் தரப்படும் 30 நாள் அவகாசத்துக்கு வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தானே ஒரு முறை டொமைன் வாங்கி, ஓடிபி அடித்து, சர்வரோடு இணைத்தவர் இந்தப் பொறியில் விழுவது அரிது.

தொழில்முறை ஆள் தேவையே இல்லை என்பதல்ல என் வாதம். தளத்திலேயே பணம் வாங்குவது, சரக்கு இருப்பைக் கடையின் பில்லிங்கோடு இணைப்பது, வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிப்பது என்று வந்தால் தானே செய்வது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். புதுப்பிக்காத பிளகின் வழியாகத்தான் வேர்ட்பிரஸ் தளங்கள் பெரும்பாலும் களவாடப்படுகின்றன. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைத் திரட்டுகிறவர் தலையில் பொறுப்பை வைக்கிறது. தளம் செய்து கொடுத்தவரைக் காட்டி வியாபாரி தப்ப முடியாது. இந்த இடத்தில் நல்ல ஆளுக்கு நல்ல சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் சொந்தத் தளத்தை ஓட்டியவருக்கு எந்தப் பக்கத்தை மக்கள் பார்க்கிறார்கள், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்திருக்கும். அவர் கேட்கும் கொட்டேஷன் "ஒரு வெப்சைட் வேண்டும்" என்று தொடங்காது.

அந்தக் கொட்டேஷனில் காப்புரிமை பற்றியும் எழுதிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் படைத்தது முதலாளிக்குச் சேரும். வெளியாளிடம் கூலி கொடுத்து எடுத்த புகைப்படமும் எடுக்கச் சொன்னவருக்குச் சேரும். ஆனால் அந்த வெளியாள் எழுதிய நிரலும் வாசகமும், மாற்றி எழுதிக்கொள்ளாத வரை, எழுதியவருக்கே. அந்த மாற்றமும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்கிறது. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஷார்ஜாவுக்கு மிட்டாய் அனுப்புகிறவர் கவனிக்க வேண்டிய வரி இது. முழு உரிமையையும் எழுதிக் கொடுக்க டிசைனர்கள் தயங்குவார்கள்; ஒரே நிரல் துண்டைப் பல தளங்களில் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அப்படியானால் நிரல் அவரிடமே இருக்கட்டும். காலவரையின்றி, எந்த நாட்டிலும் பயன்படுத்தவும் வேறொருவரை வைத்து மாற்றவும் அனுமதி உண்டு என்று எழுதி வாங்கினால் போதும். டொமைன், சர்வர் கணக்குகள் முதல் நாளிலிருந்தே கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.